எத்தனை நாளா இருக்கு

ஏழாம் நம்பர் ஸ்டூலில் உட்காரச் சொல்லி, சட்டையில் ஏழு என்று எழுதின அட்டையைக் குத்திவிட்டுப் போய் அரைமணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு டாக்டரும் வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் காற்று ஆறாம் நம்பருக்குத்தான் போகிறது. செண்பகவல்லி மடியில் இட்லிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு வந்த எல்லா கேஸுக்கும் ஒரு பொட்டலம், ஒரு தண்ணீர் பாட்டில். கேஸ் என்றால் அவள்தான். தோல் டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு இன்று கடைசிப் பரீட்சை. கேள்வித்தாள் மாதிரி வரிசையாகப் பத்து நோயாளிகளை உட்காரவைத்திருக்கிறார்கள், பச்சைத் திரை போட்டு, ஆளுக்கு ஒரு ஸ்டூல். படிக்கிறவர் வந்து பார்ப்பார், தொடுவார், கேட்பார், எழுதுவார். பிறகு பெரிய டாக்டர்கள் வந்து அவரைக் கேள்வி கேட்பார்கள். நோயின் பேரை மட்டும் நோயாளி சொல்லக் கூடாது. கிரேஸ் சிஸ்டர் காலையிலேயே ஒவ்வொருத்தரிடமும் வந்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். சொல்ல என்ன இருக்கிறது, பைலோமாட்ரிகோமா, முதல்தடவை கேட்டபோது ஏதோ வெளியூர் மிட்டாய் பேர் மாதிரி இருந்தது. முடி முளைக்கிற வேரிலிருந்து வருகிற கட்டி, கெட்ட கட்டி இல்லை, உள்ளே சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும், அவ்வளவுதான் என்று அவளைப் பார்த்துவருகிற ஹெலன் டாக்டர் சொன்னார். அவ்வளவுதான். இடது காதுக்கு முன்னால், கன்னத்தில், புளியங்கொட்டை அளவு, மேல்தோல் லேசாக ஊதா. அதை மார்கழியிலேயே வெட்டி எடுத்திருப்பார்கள். சித்திரையில பரீட்சை வருது, இந்த மாதிரி கேஸ் கிடைக்கறது கஷ்டம், அது வரைக்கும் வச்சிருக்கியாம்மா என்று கேட்டார்கள். அம்மா செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதை அம்மா நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் வேறு சொன்னாள். நல்ல மனசாவது ஒண்ணாவது. இன்று மதியம் பரீட்சை முடிந்ததும் வெட்டுவதற்குத் தேதி கொடுத்துவிடுவார்கள். அதை நினைத்தால்தான் இட்லி இறங்கவில்லை.

“திங்கலையா பாப்பா? ஆறிப் போகுது பாரு,” என்றார் ஆறாம் நம்பர். ரத்தினசாமி, முன்னாள் கண்டக்டர், கை கால் முதுகு எல்லாம் வெள்ளைவெள்ளையாகச் செதில். அவர் தன் பொட்டலத்தை முடித்து இலையை மடித்தும் ஆயிற்று. “நான் பதினோரு வருசமா கேஸு. என்ன வச்சுப் பரீட்ச எழுதிப் பாஸானவன் மட்டும் பதினாறு பேரு. ஒருத்தன் சிங்கப்பூர்ல இருக்கான். எனக்குத்தான் இன்னும் சரியாகல.” அவரே சிரித்தார். “உனக்கு என்ன, வெட்டுனா போச்சு. அடுத்த வருசம் உன்னக் கூப்புட மாட்டாங்க.” அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அது உள்ளே போய் நின்றுகொண்டது. அடுத்த வருசம் உன்னக் கூப்புட மாட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியில் எட்டு வருஷத்தில் பதினைந்து பேருக்குத்தான் இது வந்திருக்கிறது. ஹெலன் டாக்டர் அந்தப் பதினைந்து பேரையும் வைத்து ஒரு புத்தகம் எழுதுகிறார், படிப்புக்காக. ஒன்பது பொம்பளை, ஆறு ஆம்பளை. பத்துப் பேர் இருபது வயசுக்குள். அப்புறம் நடுவில் ஆளே இல்லை, மறுபடி ஐம்பதுக்கு மேல் நாலு பேர். ஒருத்தர் மட்டும் முப்பத்தெட்டு, அவர் ஏன் அங்கே தனியாகப் போய் நின்றாரோ. பதினோரு பேருக்குத் தலை கழுத்து முகத்தில், மூன்று பேருக்குக் கையில், ஒருத்தருக்கு முதுகில். எத்தனை நாளாக இருக்கிறது என்பதற்கு ஒரு சராசரி போட்டிருந்தார். நோட்டைத் திருப்பிக் காட்டியபோது செண்பகவல்லி தன்னைத் தேடினாள். பேர் இல்லை. பதினைந்தாவது வரி, பெண், பதினேழு, இடக்கன்னம், இரண்டு சென்டிமீட்டர், இருபத்துநாலு மாதம். மீதி எட்டுப் பொம்பளைகளில் ஒருத்தியையாவது பார்க்கணும்போல இருந்தது. பார்த்து என்ன கேட்பது. உன்னையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களா என்றா. பார்த்தால் நல்லதுதானே என்றா. அதை யாரிடமும் கேட்க முடியாது. இருபத்துநாலு மாதம், அந்த வரியில் அதுதான் முள் மாதிரி. அது பொய். அவள் சொன்ன பொய் மற்ற பதினாலு பேருடைய நிஜத்தோடு சேர்த்துக் கூட்டி வகுக்கப்பட்டு ஒரு சராசரியாகி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

திரை விலகியது. முதல் ஆள், நெட்டையாக, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். இவனெல்லாம் டாக்டரா, கூடப் படித்த மாரிச்செல்வியின் அண்ணன் மாதிரி இருக்கிறான். “பேரென்னம்மா. வயசு. எத்தனை நாளா இருக்கு?” “ரெண்டு வருஷம்.” வலி இருக்கா, இல்லை. ரத்தம் சீழ் வந்துதா, இல்லை. வீட்டில் வேறு யாருக்கும், இல்லை. கையுறை போட்ட விரல் கன்னத்தில் வந்தது. ஒரு ஓரத்தை அமுக்கினான், மறு ஓரம் தூக்கியது, பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்குகிற பலகை மாதிரி. அவன் முகம் மலர்ந்துவிட்டது. தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தான். கூடாரம் போட்டால் கம்பு முட்டுகிற இடம் தெரியுமே, அதுபோல மூலை மூலையாகத் தெரியும், அதுதான் இதற்கு அடையாளம். கண்டுபிடித்துவிட்டான். அவளுக்கு அவன் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடித்திருந்தது, அது அவளுக்கே அசிங்கமாகவும் இருந்தது. ஒருத்தர் முகத்தைப் பார்த்து இன்னொருத்தர் முகம் இப்படி மலர்ந்து அவள் வேறு எங்கே பார்த்தாள். பெரிய டாக்டர்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க வந்தவர் தங்கநிறக் கண்ணாடி போட்டிருந்தார், கையில் அவளுடைய ஃபைல். பையன் மடமடவென்று இங்கிலீஷில் ஒப்பித்தான். அவளுக்குப் பாதி புரியும். பினைன் என்றால் கெட்டது இல்லை. ரேர் என்றால் அபூர்வம். அப்புறம் வெரி ரேர்லி என்று ஒன்று வரும், அதற்குப் பின்னால் மாலிக்னன்ட் வரும். எல்லாரும் அந்த இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள். ரொம்ப ரொம்ப அபூர்வமா மாறலாம், உனக்கு இல்ல என்று ஹெலன் டாக்டர் ஒருநாள் சொன்னார். எனக்கு இல்லை என்றால் எதற்குச் சொல்ல வேண்டும். உலகத்தில் இது வருவதே அபூர்வம் என்றீர்கள், எனக்கு வந்தது. அபூர்வத்துக்குள்ளே ஒரு அபூர்வம் என்றால் அதற்கும் ஆள் வேண்டும்தானே. அதையும் நினைத்துப் பார்த்தாயிற்று, நிறைய நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு தீப்பெட்டி அட்டை ஒட்டும்போது. செத்துப்போனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நிற்பார்களா. நிற்க மாட்டார்கள், பேர்தான் அடித்தாயிற்றே.

பேர் அடித்தது கார்த்திகையில். போகாமல் நின்றது ஆவணியில். கட்டி வந்தது தையில். இந்த மூன்றையும் நடந்த வரிசையில் ஒருத்தரிடமும் அவள் சொன்னதில்லை. வெளியே சொல்கிற வரிசை வேறு: முதலில் கட்டி, அப்புறம் கூச்சம், அப்புறம் படிப்பு நின்றது. இதில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி இருக்கிறது. பாவம், பொம்பளப் பிள்ளைக்கு மூஞ்சியில வந்துருச்சு, எப்படிப் போகும். கட்டியை எடுத்ததும் போயிரும். தான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸில் அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், லாரியில் போகிற அப்பாவுக்கும் போனில் சொல்லிவிட்டாள், சித்திரையில எடுத்துருவாங்க, ஆனியில சேத்துவிட்டுரலாம். பழைய சீருடையைப் பிரித்து ஓரம் விட்டுத் தைத்தாயிற்று. ஆனால் கட்டி போனபிறகு போகாவிட்டால் எதைக் காட்டுவது. வெறும் கன்னத்தோடு, ஒன்றுமே இல்லாத முகத்தோடு, மறுபடி அந்த மதிய மணி அடிக்கும்போது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது. அதுதான் சங்கதி. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டப்பேர் வைக்கவில்லை. வைத்திருந்தால்கூடச் சொல்லலாம். ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் மாரிச்செல்வியும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே தண்ணீர் பாட்டில். பதினொன்றாவதில் மாரிச்செல்வி சயின்ஸ் குரூப் போனாள், அவள் மார்க்குக்கு அது கிடைத்தது. செண்பகவல்லிக்குக் கிடைக்கவில்லை. முதல் நாள் மதியம் வேப்பமரத்தடிக்குப் போனபோது மாரிச்செல்வி புதுப் பிள்ளைகள் மூன்று பேரோடு வட்டமாக உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது டிபன் பாக்ஸ் வைக்க இடம் இருந்தது. கொஞ்சம் நகர்ந்தால் போதும். யாரும் நகரவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை. மாரிச்செல்வி பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். “என்ன செம்பா, சாப்டியா?” “சாப்டேன்,” என்றாள் கையில் நிறைந்த டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு. அவ்வளவுதான் நடந்தது. இதை எப்படி ஒரு அம்மாவிடம் சொல்வது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டாள் பத்து நாள். அப்புறம் சாப்பிடாமல் கொண்டுபோய் வழியில் நாய்க்குக் கொட்டினாள். பாக்ஸ் காலியாக இருக்கிறதே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். சொந்த கிளாஸில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே ஆள் இருந்தது. ஆவணியில் ஒருநாள் வயிறு வலிக்கிறது என்றாள். மறுநாளும். அப்புறம் காய்ச்சல். அம்மா கெஞ்சினாள், அடித்தாள், அழுதாள், ஏன்டி ஏன்டி என்று ஏழு மாசம் கேட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு டீச்சர்கூட வீட்டுக்கு வரவில்லை, போன் வந்தது ஒருதடவை, பேரை அடிக்கப் போகிறோம் என்று சொல்ல.

அப்புறம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு முகத்தில் தெறித்தது. துடைத்தாள். ஒரு பொட்டு மட்டும் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள், போகவில்லை, தோலுக்குள் இருந்தது. கடுகைவிடப் பெரிசு, கல் மாதிரி. பிறகு ஹெலன் டாக்டர் உள்ளே சுண்ணாம்பு என்றபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, அன்றைக்குத் தெறித்ததுதான் உள்ளே போய்விட்டது என்று இன்னும்கூட ஒரு மூலையில் நினைக்கிறாள், முட்டாள்தனம்தான். பங்குனியில் பட்டாணி அளவு ஆனதும் அம்மா பார்த்துவிட்டாள். “ஏய், இது என்னடி?” என்று தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ரொம்ப நாளைக்கப்புறம் அம்மாவின் கை முகத்தில் பட்டது. அம்மா கண்ணில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அப்போது வாய் தானாகச் சொன்னது. “அப்பவே இருந்துச்சும்மா. பள்ளிக்கூடம் போறப்பவே. உன்கிட்ட சொல்லல.” அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இதுக்காடி போகல? இதையா இத்தன நாளா மறச்ச?” என்று தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள். ஏழு மாசத்துச் சண்டை ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொருதடவை அதே பொய்யைச் சொல்லச் சொன்னாலும் சொல்வாள், உண்மையைச் சொல்வதென்றால் அதுதான் உண்மை. நாட்டு மருந்து, பத்துப் போடுவது, மந்திரிப்பு எல்லாம் பார்த்துவிட்டு மார்கழியில் இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். எத்தனை நாளா இருக்கு என்று ஹெலன் டாக்டர் பேனாவைத் திறந்தபோது அம்மா பக்கத்திலேயே நின்றாள். ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர் என்றாள் செண்பகவல்லி. பேனா எழுதியது.

இரண்டாவது ஆள் வந்தான், போனான். அவனுக்கும் ரெண்டு வருஷம். அவன் கூடாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்றான், தங்கக் கண்ணாடிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ரத்தினசாமி திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “போச்சு, ஒரு விக்கெட்டு,” என்று முணுமுணுத்தார். பன்னிரண்டு மணி வெயில் ஜன்னல் கம்பி நிழலைத் தரையில் போட்டிருந்தது. வெளியே அம்மா உட்கார்ந்திருப்பாள், உள்ளே கூட வந்தவர்களை விடுவதில்லை. இன்றைக்குச் சம்பளம் போச்சு அவளுக்கு, ஆனாலும் வந்தாள். மூன்றாவது வந்தது ஒரு பொம்பளை டாக்டர். தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூங்கியிருக்க மாட்டார். ஸ்டூலுக்கு முன்னால் குனியாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் டாக்டர் ஷாஹிதா. உங்க பேரு?” உங்க. இந்த ஆஸ்பத்திரியில் நாலு மாசத்தில் முதல் உங்க. “செண்பகவல்லி.” “செண்பகவல்லி, இத முதமுதல்ல எப்படிக் கவனிச்சீங்க? அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” அவள் ரெண்டு வருஷம் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தாள். கேள்வி வேறு மாதிரி வந்துவிட்டது. “வெள்ளையடிச்சிட்டு இருந்தேன். சுண்ணாம்புன்னு நெனச்சுச் சுரண்டுனேன்.” “ஓ. பொங்கலுக்கா?” “ஆமா.” “இந்தப் பொங்கலா, போன பொங்கலா?” வேண்டுமானால் அதற்கும் முந்தின பொங்கல் என்று சொல்லலாம், ரெண்டு வருஷத்துக்கு அது சரியாக வரும். ஒரு சொல்தான். அம்மா பக்கத்தில் இல்லை. டாக்டர் கையில் பேனா இருந்தது, ஆனால் எழுதாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கட்டியை இல்லை, முகத்தை. “போன பொங்கல்,” என்றாள். டாக்டர் எழுதினார். ஒண்ணேகால் வருஷம். பிறகு கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் கன்னத்தைத் தொட்டார். பலகையைக் கண்டுபிடித்தார், கூடாரத்தைக் கண்டுபிடித்தார், சின்ன டார்ச் அடித்து ஊதாவைப் பார்த்தார். ஒன்று சொல்லியாகிவிட்டது. ஒரு செங்கல்லை உருவியாகிவிட்டது. பரவாயில்லை, இது அவர் காகிதம், யார் பார்க்கப் போகிறார்கள்.

பார்த்தார்கள். தங்கக் கண்ணாடிக்காரர் ஃபைலையும் பார்த்தார், ஷாஹிதா டாக்டரையும் பார்த்தார். “ஒண்ணேகால் வருஷமா? ஃபைல்ல ரெண்டு வருஷம்னு இருக்கே. காலையில ரெண்டு பேர் ரெண்டு வருஷம்னு சொன்னாங்க. இந்த ஒரு கேள்விகூட ஒழுங்கா கேக்க வராதா உங்களுக்கு?” ஷாஹிதா டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். “சாரி சார்.” அவ்வளவுதான். இந்தப் பிள்ளைதான் சொன்னது என்று சொல்லவில்லை. பின்னால் ஹெலன் டாக்டர் நின்றார், ஃபைலில் இருப்பது அவர் எழுத்து. செண்பகவல்லிக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபம். கொஞ்சம் நகர்ந்தால் போதும், யாரும் நகரவில்லை. மாரிச்செல்விக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, கெட்ட எண்ணமே இல்லாமல், சும்மா, அசைய ஒரு நொடி தாமதமாகி. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் அப்படியே இருக்கும், வரிசை மாறாது, சீருடை, அம்மா, சராசரி, எல்லாம். “என்னம்மா, நீ சொல்லு. எத்தனை நாளா இருக்கு?” என்றார் கண்ணாடிக்காரர். “அவங்க எழுதுனதுதான் சரி,” என்றாள். குரல் கத்தலாக வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் ரத்தினசாமியின் இருமல் நின்றது. “ஃபைலுதான் தப்பு. நான்தான் பொய் சொன்னேன்.” “எதுக்கு?” “எங்கம்மா பக்கத்துல இருந்தாங்க.” கண்ணாடிக்காரர் ஒரு நொடி அவளையே பார்த்தார். ஏன் என்று இன்னும் ஒருதடவை கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூக்கால் லேசாகச் சிரித்தார். ஃபைலில் இரண்டை அடித்து மேலே எழுதினார். “குட். அப்போ வளர்ச்சி வேகம் பத்தி என்ன சொல்றீங்க, டாக்டர்?” ஷாஹிதா டாக்டர் பேச ஆரம்பித்தார். முதல் வார்த்தை தடுக்கியது, அப்புறம் ஓடியது. பினைன். ரேர். வெரி ரேர்லி. முடிந்தது. இருபது மாசமாக உள்ளே வைத்து வைத்துக் கல்லாகிப் போனதை எடுத்து வெளியே வைத்தால், அரை நிமிஷத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அழுகை வரவில்லை, கடுப்பாகத்தான் வந்தது. போகும்போது ஷாஹிதா டாக்டர் திரும்பிப் பார்த்தார், கண்ணால் என்னவோ சொன்னார், அதற்குள் எட்டாம் நம்பருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹெலன் டாக்டர் மட்டும் நின்று, “பதினஞ்சு பேர்ல ஒண்ணு மாறினா டேபிளே மாறும் தெரியுமா?” என்று பொய்க்கோபத்தோடு கேட்டார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். “அடுத்த புதன். வெறும் வயித்தோட வரணும்னு இல்ல, மரத்துப்போற ஊசிதான். நல்லா சாப்பிட்டு வா.”

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். சீட்டு ஒரு கையில், இட்லிப் பொட்டலம் ஒரு கையில். அம்மா படிக்கட்டு ஓரமாக நிழலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஆனியில பள்ளிக்கூடம் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்தாள். “தேதி குடுத்துட்டாங்களா?” “புதன்.” “அப்பாடா. நல்லபடியா எடுத்துட்டா ஆனிக்குள்ள வடுகூட மங்கிரும்.” கை கன்னத்துக்கு வந்தது. செண்பகவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. உள்ளே சொன்னது சொன்னதே இல்லை. அது அந்நிய ஆளிடம் சொன்னது, அவர்களுக்கு அது ஒரு நம்பர். “அம்மா, இது பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்ப வந்தது. போன வருஷம்.” “என்னது?” “பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப இது இல்ல. ஆவணியில நின்னேன். இது தையிலதான் வந்துச்சு.” அம்மாவின் கை அவள் கைக்குள் கனத்தது. மற்றக் கையின் கட்டைவிரல் மெதுவாக விரல்கணுவில் நகர்ந்தது, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. வந்து நின்றது. மறுபடி ஆவணியிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் மெல்ல எழுந்து போய்விட்டாள். “அப்ப எதுக்குடி நின்ன?” என்றாள் அம்மா. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். அடிக்கட்டும். “மத்தியானம் கூட உக்காந்து திங்க ஆள் இல்லம்மா.” சொல்லிக் கேட்டபோது எவ்வளவு சின்னதாக இருந்தது, கடுகை விடச் சின்னதாக. இதற்கா ஒருத்தி படிப்பை விடுவாள் என்று அவளுக்கே தோன்றியது. அம்மா எங்கேயோ பார்த்தாள். “அந்த மாரிச்செல்வி?” செண்பகவல்லி தலையை ஆட்டினாள், இல்லை என்று. அம்மாவின் முகத்தில் கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது, அதற்கு யார்மேல் போவது என்று தெரியவில்லை. “டிபன் பாக்ஸு காலியாத்தானடி வந்துச்சு,” என்றாள் கடைசியில், குரல் உடைந்து. “நாய்க்கு.” அம்மா படியில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் ஒன்று வந்து திரும்பிப் போனது. பிறகு மகள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, “இதையும் திங்காமத்தான் வச்சிருக்க,” என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, இலையை இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தாள். படி அகலம் குறைவு, இலை விளிம்பில் வழுக்கியது. அம்மா அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.